ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

(நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் நடந்த அறிவியல் மாலையில் பேசியது)

தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் இயற்பியல் துறைத் தலைவர் ஐயா அவர்களே, வாழ்த்துரை என்று தொடங்கி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட மாநகராட்சி உறுப்பினர் அண்ணன் அவர்களே, இந்த வெயிலிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்ட நண்பர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அருமண் உலோகச் சேர்மங்களின் (நியோடிமியம் போன்ற உலோகங்கள் மற்ற தனிமங்களோடு சேர்ந்தவை) படிக அமைப்பு, காந்த ஒழுங்கு, வெப்பத்தில் காந்தம் இழத்தல் என்று அழைப்பிதழில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே பழமொழி: ஒரு கை தட்டினால் ஓசை வராது.

முதலில் நம்மூர்க் கதை. திருவிதாங்கூர் கயிறு அன்றைக்கு ஜெர்மனிக்குக் கப்பலில் போகும். கயிறு என்றால் மணல் ஒட்டாமல் இருக்குமா? வாங்கியவன் உதறிவிட்டுத் திட்டியிருப்பான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் மட்டும் உதிர்ந்த மணலை எடுத்து ஆராய்ந்தார். மஞ்சள் கலந்த பழுப்பு மணிகள், மோனசைட் என்ற கனிமம்! அப்போது கேஸ் விளக்குக்கு மேன்டில், அதாவது சூட்டில் ஒளிரும் வலை, செய்யத் தோரியம் என்ற உலோகம் தேவை. அது மோனசைட்டில் இருந்தது. அவ்வளவுதான், மனிதர் கயிறு வந்த வழியே தேடிக்கொண்டு நம் கரைக்கு வந்தார். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. கயிற்றுக்குக் கொடுத்த காசில் மணல் இலவசமாகப் போயிருந்தது, பாருங்கள்! (கைதட்டல்)

அந்த மோனசைட்டில் நியோடிமியம் என்ற அருமண் உலோகமும் உண்டு. அதன் காந்தத்துக்குக் காரணமான 4எஃப் என்ற வகை எலக்ட்ரான்கள் அணுவின் உள்ளே பதுங்கிக் கிடக்கும். பக்கத்து அணுவை நேராகத் தொடாது. உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் வழியாகத்தான் சேதி போகும். ஒரு தூரத்தில் இரண்டு அணுவின் காந்தமும் ஒரே பக்கம் திரும்பும். தூரம் சற்று மாறினால் எதிரெதிராகத் திரும்பும். அதனால் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற படிக அமைப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இரும்புக்குப் பலம் உண்டு, பிடிவாதம் இல்லை. திசையை எளிதில் மாற்றிக்கொள்ளும். நியோடிமியம் படிகத்தின் ஒரு அச்சைப் பிடித்துக்கொண்டு அசையாது. இரண்டும் சேர வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது.

ஆனால் சும்மா சேர்த்தால் போதாது. இரண்டு நியோடிமியத்துக்குப் பதினேழு இரும்பு என்ற சேர்மம் 60 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே காந்தத்தை விட்டுவிடும். இரும்பு அணுக்கள் சில மிக நெருங்கி நிற்பதுதான் காரணம் என்று 1978இல் ஒரு கருத்தரங்கில் கேட்ட ஜப்பானியர் மசாட்டோ சகாவா, போரானைப் போட்டு விலக்கினால் என்ன என்று யோசித்தார். விலகவெல்லாம் இல்லை, புத்தம் புதிய படிகமே பிறந்தது! நாற்கோண அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகில் 68 அணுக்கள்: நியோடிமியம் 8, இரும்பு 56, போரான் 4. 312 டிகிரி வரை காந்த ஒழுங்கு நிற்கும். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் அதையே செய்தார்.

இந்தக் காந்தம் வாகன மோட்டாரிலும் இருக்கிறது. அங்கே சூட்டில் அது தளராமலிருக்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அருமண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். அதன் காந்தம் இரும்புக்கு எதிராகத் திரும்பி மொத்த பலத்தைக் குறைக்கும். ஆனாலும் பிடிவாதத்தைக் கூட்டும். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம்மூர் வாகன ஆலைகள் பட்ட பாடு தெரியுமே.

சரி, உங்கள் வீட்டுப் பரணில் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் இருக்கும். திறந்தால் பளபளவென்று நிக்கல் பூசிய, வளைந்த நியோடிமியம் காந்தத் துண்டு. காயலான் கடையில் போட்டால் அது இரும்போடு உருகும். நியோடிமியம் கசடோடு போய்விடும். இந்த மணலுக்காகக் கடற்கரையைத் தோண்டாதே என்று மீனவ மக்கள் போராடுகிறார்கள்; தோண்டி எடுத்ததையோ நாம் குப்பையில் போடுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

ஒவ்வொரு வார்டு நூலகத்திலும் காந்தத்துக்கென்று ஒரு பெட்டி வேண்டும். நாம் கொண்டுபோய்ப் போட வேண்டும், மாநகராட்சி எடுத்துப் பிரிக்க அனுப்ப வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது, அண்ணே! மூன்றாவது தலைப்பை ஐயா வகுப்பில் நடத்துவார். பெட்டி கேட்கும் மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.