ஆபத்து எந்த மொழியில் எழுதியிருக்கிறது?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியப் பெருந்தகை அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீயணைப்புத் துறை அதிகாரி அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அதிகாரி அவர்களுக்கு இன்னொரு வணக்கமும் சொல்ல வேண்டும். என் பேச்சில் பாதி, அவர் பேச வேண்டிய பேச்சு.

நம்மிடம் காவல், காப்பு, அரண், அடைக்கலம் என்று எத்தனையோ சொல் இருக்கிறது. ஆனாலும் பேசும்போது எல்லாவற்றையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒன்றுக்குள் அடக்கிவிடுகிறோம். அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது தடுமாற்றம். இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: பாதுகாப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேர், வாக்கியத்தில் அவை நிற்கும் விதம், கடைசியாக இன்ஷூர், என்ஷூர், அஷூர் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களின் சண்டை.

‘புரொடெக்ட்’ என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு, முன்னால் நின்று மறைப்பது என்று வேர்ப்பொருள். ‘டிஃபெண்ட்’ என்றால் தாக்க வருபவனைத் தடுத்து நிற்பது. அந்த ‘டிஃபென்ஸ்’ தலை உதிர்ந்துதான் வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’ ஆனது. காவலைக் குறிக்கும் ‘கார்ட்’, ‘வார்ட்’ இரண்டும் ஒரே குடும்பம்; முன்னது மட்டும் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. கியாரண்டியும் வாரண்டியும் ஒரே குடும்பத்து ஜோடிதான். ‘ஸேஃப்டி’ பெரும்பாலும் விபத்திலிருந்து காப்பது. ‘செக்யூரிட்டி’ திருடன், எதிரி போன்ற கெட்ட எண்ணக்காரர்களிடமிருந்து காப்பது.

‘கார்ட்’ சொல்லை மட்டும் கவனமாகப் பாருங்கள். நேராக ஒரு பெயர் தொடர்ந்தால் அதைக் காக்கிறோம். நடுவில் ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால், அடுத்து வருவது நாம் தடுக்க வேண்டிய பகை. வீட்டை ‘கார்ட்’ செய்கிறோம். திருட்டுக்கு ‘அகெய்ன்ஸ்ட்’ ஆக ‘கார்ட்’ செய்கிறோம். ஒரு சின்னச் சொல், பொருளையே திருப்பிவிடுகிறது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றால் தண்ணீர் புகாது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். ‘ஃபயர் ரெசிஸ்டன்ட்’ கதவும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தீயைத் தாங்கும். வித்தியாசத்தை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பட்டறை. ஒரு பக்கம் வெல்டிங், பொறி பறக்கிறது. ஸ்டோர் ரூமில் வேலை பார்க்கும் ஒரு பையன், சுறுசுறுப்பானவன், பெயிண்டைக் கரைக்கும் தின்னர் இருந்த பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து அந்தப் பொறிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“தம்பி, எடு இதை!”

“எரியாதுக்கா. இதிலேயே போட்டிருக்கு, ‘இன்ஃபிளேமபிள்’னு. விசிபிள்னா தெரியும், இன்விசிபிள்னா தெரியாது. அதே கணக்குதான்.”

“நீ எழுத்தைப் பார்த்துச் சொல்றே. நான் படத்தைப் பார்த்துச் சொல்றேன். நெருப்புல்ல போட்டிருக்கு!”

பையன் விடவில்லை. கம்ப்ளீட், இன்கம்ப்ளீட் என்று இலக்கணப் பாடமே நடத்தினான். அந்த அம்மா பதில் பேசவில்லை. பீப்பாய்க்கும் வெல்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். வெல்டர் மெஷினை அணைத்தார், சூப்பர்வைசர் ஓடி வந்தார், செல்போனில் அகராதியைத் திறந்தார்கள். ‘இன்ஃபிளேமபிள்’ என்றாலும் ‘ஃபிளேமபிள்’ என்றாலும் ஒன்றுதான், எளிதில் தீப்பற்றும்! அந்தச் சொல்லில் வரும் ‘இன்’ எதிர்மறை இல்லை. இந்தக் குழப்பம் உயிரை வாங்கும் என்றுதான் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது. அன்றைக்குப் பட்டறையைக் காப்பாற்றியவர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர்.

அந்தப் படம் சும்மா வந்ததில்லை. வேதிப்பொருள் லேபிள்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட பொது முறையில், சிவப்புச் சாய்சதுரத்துக்குள் சுடர், மண்டையோடு என்று 9 படங்கள் உண்டு. கூடவே இரண்டு எச்சரிக்கைச் சொற்கள்: கடுமையான ஆபத்துக்கு ‘டேஞ்சர்’, அதற்கடுத்த நிலைக்கு ‘வார்னிங்’. சரி, இந்த வித்தியாசம் பீப்பாயைத் தூக்குகிறவருக்குத் தெரியுமா? மூடியைத் திறக்கலாமா, தோலில் பட்டால் என்ன செய்வது என்பதைப் படம் சொல்லாது. அதெல்லாம் பொடி எழுத்தில், அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. கண்ணில் தெறித்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

இன்ஷூர், என்ஷூர் சண்டைக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு கோரிக்கை. யார் கையால் தூக்குகிறார்களோ அவர்கள் படிக்கும் மொழியில் எச்சரிக்கை வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, வேலைக்குச் சேரும் முதல் நாளே அந்தப் படங்களை விளக்கிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் எழுதி ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசல் பக்கம் மேசையில் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தீயணைப்பு அதிகாரி அவர்கள் போட்டுத் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கையெழுத்து தலைவர் அவர்களுடையது. அப்புறம் நீங்கள் எல்லோரும் வாருங்கள்.

நன்றி, வணக்கம்.