மேல்கண்மாய் உடைந்தால்

(மேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேலூர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உலக நிறுவனங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் கண்மாயிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலிபோலக் கோத்தவை. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மேலே கரை உடைந்தால் கீழே எதுவும் தாங்காது. அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து வைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியோடு கரைக்கு வரவேண்டும். வராத வீட்டை ஊர் கேட்கும்.

1948ல் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தை நாடுகளுக்கு இடையிலான குடிமராமத்து என்றுதான் நான் சொல்வேன். அதற்குப் படை கிடையாது, போலீஸ் கிடையாது. வராத நாட்டைக் கேட்கும் ஊரும் கிடையாது. இருந்தும் அது ஒரு பெரிய காரியத்தைச் சாதித்தது. அதைக் கிட்டத்தில் இருந்து பார்த்த வீட்டுப் பிள்ளை நான்.

என் அப்பா அம்மை குத்துகிறவர், அதாவது பெரியம்மைக்குத் தடுப்பூசி போடுகிறவர். பெரியம்மையை அந்த நாளில் யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். 'ஆத்தா வந்திருக்கா', 'முத்துப் போட்டிருக்கு' என்பார்கள். வாசலில் வேப்பிலை சொருகியிருக்கும். அப்பா அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "ஊசி குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று கிழவிகள் மறிப்பார்கள். அப்பா கையைக் கூப்பி, "ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் தாயி வந்திருக்கேன்" என்பார். அப்படித்தான் வீடு வீடாக ஏறினார்.

முதலில் அவரிடம் இருந்தது தோலில் வைத்துத் திருகுகிற வட்டக் கருவி. அதைப் பார்த்தாலே பிள்ளைகள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். பிறகுதான் அந்த ஊசி வந்தது. ஒரு விரல் நீளம். நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். அம்மைப்பாலில் தொட்டு எடுத்தால் பிளவுக்கு நடுவே ஒரு சொட்டு நிற்கும். அவ்வளவுதான் மருந்து. புஜத்தில் 15 குத்து, முடிந்தது. வேகவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மருந்தும் உலர்த்திய பொடியாகத்தான் வரும், கரைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலைத் தாங்கி ஊருக்கு வந்து சேரும்.

அந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டலாம் என்று 1958ல், அந்த நிறுவனத்து நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவையில் சொன்னது சோவியத் ரஷ்யா. தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததும் அவர்கள்தான். 1967ல் தீவிரமாகத் தொடங்கிய இயக்கத்தை, நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் தலைமை தாங்கி நடத்தியவர் டொனால்ட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். அணுகுண்டை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகள் அவை. வயல் வரப்பில் வெட்டுக்குத்து என்றாலும் கரை கசிகிறது என்றால் பங்காளிகள் ஒன்றாக மண் சுமப்பார்களே, அதேதான்.

1974ல் பீகாரில் பெரியம்மை கோரமாகப் பரவியது. ஊரெல்லாம் ஊசி போட்டு முடிக்கலாம் என்ற பழைய வழியை மட்டும் நம்பாமல், நோய் கண்ட வீட்டைத் தேடிப்பிடித்து, அதைச் சுற்றியுள்ளவர்களுக்கு உடனே ஊசி போட்டார்கள். மறுவருடமே இந்தியாவில் அது நின்றது. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைத் தின்ற நோய் அது. ஒழிக்க ஆன செலவு சுமார் 30 கோடி டாலர். அதிலும் மூன்றில் இரண்டு பங்கை நோய் இருந்த நாடுகளே போட்டன. ஜெனீவா திட்டம் தந்தது. நடந்த கால்கள் என் அப்பாவைப் போன்றவர்களுடையவை.

ஓசோன் கதையும் இதே வழிதான். 1987ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம். ஓசோன் படலத்தை அரிக்கும் பழைய பிரிட்ஜ் வாயுவைக் கைவிட ஏழை நாடுகளுக்குப் பணம் ஏது என்ற கேள்வி எழுந்தபோது, 1990ல் லண்டனில் பணக்கார நாடுகள் நிதி போட ஒப்புக்கொண்டன. பிறகு உலக நாடுகள் அத்தனையும் கையெழுத்திட்டன.

கொரோனாவில் மட்டும் ஏன் கரை உடைந்தது? இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2021 மே மாதம் ஒரு மருத்துவமனை வாசலில், ஆம்புலன்சுக்குள்ளேயே, ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்து என் மச்சானைப் பறிகொடுத்தேன். நம் வீட்டில் பிணம் விழும்போது ஊசி மருந்தை வெளிநாட்டுக்கு அனுப்பாதே என்று நானும்தான் சொன்னேன். அரசும் நிறுத்தியது. அந்த மருந்தை நம்பியிருந்தது, ஏழை நாடுகளுக்கும் கொரோனா ஊசி சேர்க்க வைத்த கோவேக்ஸ் என்ற உலகத் திட்டம். 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் தருவதாக இருந்தார்கள். 100 கோடியைத் தொடவே 2022 ஜனவரி ஆகிவிட்டது. பணக்கார நாடுகள் அதற்கு முன்பே தங்கள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்கியிருந்தன. ஆப்பிரிக்காவில் நோயாளியைத் தொட்டுத் தூக்கும் செவிலியருக்கே ஊசி இல்லை. பெரியாற்றுக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் உங்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

2021 நவம்பரில் ஒமிக்ரான் என்ற கொரோனாவின் புது உருவத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்கு உடனே சொன்னவர்கள் தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் இருந்த விஞ்ஞானிகள். கிடைத்த பரிசு, அவர்கள் நாட்டு விமானங்களுக்குத் தடை. கரையில் கசிவு என்று சத்தம் போட்டவனை ஊரை விட்டுத் தள்ளிவைத்தால், அடுத்த தடவை எவன் சத்தம் போடுவான்?

2025 மே 20 அன்று ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறியது. அடுத்த பெருந்தொற்றில், ஒப்பந்தத்தில் சேரும் கம்பெனிகள் தங்கள் தயாரிப்பில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது குறி. அதில் பாதியாவது இலவசம். இது கடைமடைக்கு எழுதிவைத்த தண்ணீர் முறை. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு எப்படிப் பங்கு என்ற பகுதியை மட்டும் அன்று முடிக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் நிறுவனத்தை விட்டு வெளியேறுவதாக அமெரிக்கா அறிவித்திருந்தது. பெரிய வீடு மண்வெட்டியைக் கீழே போட்டதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் பெரும்பாலானவை கரையில் நின்றன. அதில் நம் நாடும் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் என் பக்கத்தில் வாருங்கள். சட்டைக் கையை மடித்துக் காட்டுகிறேன், அப்பா கையால் போட்ட அம்மைத் தழும்பை. காசநோய்க்குப் போடும் பிசிஜி வடு உங்கள் கையில் சின்னதாக இருக்கும். இது பெரியது, குழிந்தது. உங்கள் கையில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.