பழைய பிளாக்கில் ஒரு வேக இன்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். ஓடித் தேய்ந்த காரிலிருந்து கழற்றிய இன்ஜின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடல்பகுதியை வைத்து, கம்பெனியிலிருந்து வந்ததைவிட நன்றாக இழுக்கும் இன்ஜினைக் கட்டுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலை என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை குதிரைச் சக்தி வரும்?" என்பதுதான். நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை சுற்றப் போகிறீர்கள், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உண்டா இல்லையா, எந்தப் பெட்ரோல் ஊற்றப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். இது மூன்றும் தெரியாமல் பிளாக் தேடக் கிளம்பினால், கிடைத்ததை வாங்கிவந்து அதற்கேற்ப ஆசையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய பிளாக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்ற காரில் இருந்தது பிஎம்டபிள்யூவின் நாலு சிலிண்டர், 1500 சிசி டர்போ இன்ஜின். அதன் பிளாக், அதே நிறுவனம் 1960களிலிருந்து சாலைக் கார்களுக்குப் போட்டுவந்த எம்10 என்ற வார்ப்பிரும்பு பிளாக்கின் வழி வந்தது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிளாக்குகளாகத் தேடிப் பொறுக்கினார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. கதையில் உப்பு காரம் சேர்ந்திருக்கலாம், ஆனால் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது. வார்த்த இரும்பு ஆறும்போது உள்ளுக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். வருடக்கணக்கில் சூடேறி ஆறும்போது அது தளர்ந்து, பிளாக் வளைய வேண்டிய அளவுக்கு வளைந்து முடித்திருக்கும். அப்புறம் கடைந்தால், கடைந்த அளவு நிற்கும்.

சரி, பிளாக் கைக்கு வந்துவிட்டது. பிஸ்டன் எது, வால்வுகளைத் திறக்கும் கேம் எது என்று உடனே தேடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் எல்லாவற்றையும் கழற்றி, ஆயில் பாதைகளின் பிளக்குகளையும் எடுத்து, நன்றாகக் கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு பிளாக் என்றால் காந்தமேற்றி இரும்புத் தூள் தூவுவார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் தூள் கோடாகச் சேர்ந்து நிற்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, அதற்குச் சாயம் ஊற்றிப் பார்க்கும் முறை உண்டு. இரண்டு சிலிண்டருக்கு நடுவில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்ட் துளைகளைச் சுற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் பாலங்களில், தண்ணீர் ஓடும் வெளிச்சுவரில் என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவை. கிராங்கைப் பாலங்களோடு பிடித்து வைக்கும் மெயின் பேரிங் மூடிகளில் எண் குத்தியிருக்கும். எந்த மூடி எந்த இடம், எந்தப் பக்கம் முன்னால் என்பது மாறவே கூடாது. பிளாக்கோடு சேர்த்துக் கடைந்தவை அவை.

அடுத்தது சிலிண்டர் தேய்மானம். இதைத்தான் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து நகத்தைக் கீழ்நோக்கி இழுங்கள். சில மில்லிமீட்டர் இறங்கியதும் ஒரு சின்னப் படி தட்டும். படிக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போகாது, அது கம்பெனி வைத்த அளவு. படிக்குக் கீழேதான் தேய்மானம் அதிகம். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம், வேகம் இல்லாதபோது ஆயில் படலம் மெலிந்துவிடும். அதே நேரத்தில்தான் எரிந்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. ஆக, படலம் மெலிந்த இடத்திலேயே அழுத்தமும் உச்சம். கீழே போகப் போகத் தேய்மானம் குறையும்.

அதனால் போர் என்கிற சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை ஒரே இடத்தில் வைத்து அளந்து பயனில்லை. மேலே, நடுவில், கீழே என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் கிராங்கின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளக்க வேண்டும். உதாரணமாக, 86 மில்லிமீட்டர் போரில் மேலே 86.12, கீழே 86.02 என்று வந்தால், சிலிண்டர் புனல் வடிவத்துக்குப் போய்விட்டது. புது ரிங் போட்டால் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது விரிந்து சுருங்கும். சில மாதத்தில் புகை வரும். போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டியதுதான்.

போரைப் பெரிதாக்கினால் சக்தி கூடுமே என்று மகிழ்பவர்களுக்கு ஒரு கணக்கு. 86 மில்லிமீட்டர் போர், 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்), நாலு சிலிண்டர் என்றால் 1998 சிசி. போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 2021 சிசி. ஏறியது 23 சிசி, நூற்றுக்கு ஒன்று சொச்சம். போர் போடுவது சிலிண்டரை மறுபடி வட்டமாகவும் நேராகவும் ஆக்கத்தான், சக்தியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். சுவரோ மெலிகிறது. வார்ப்பு அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். டர்போ போடுகிறவர்கள் அல்ட்ராசோனிக் கருவியால் சுவரை அளக்காமல் போர் போடக் கூடாது.

இன்னொன்று, பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் போட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ப ஹோன் செய்ய வேண்டும், அதாவது சுவரைக் கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர்ஜ்டு, அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய பிஸ்டன்களில் 2618 ரக அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், ஆகவே கூடுதல் இடைவெளி கேட்கும். குளிர்ந்த இன்ஜினில் லேசாகத் தட்டும் சத்தம் வரும். சிலிக்கான் அதிகமுள்ள 4032 ரகத்துக்கு அவ்வளவு இடைவெளி வேண்டாம், ஆனால் டர்போவின் கடுமையான நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பதைத் தாங்குவதில் 2618தான் மேல். ஹோன் செய்யும்போது ஹெட் இருக்கும் இடத்தில் தடித்த இரும்புத் தகட்டை முழு முறுக்கில் இறுக்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் வட்டத்திலிருந்து நெளியும். அந்த நெளிவிலேயே ஹோன் செய்தால்தான் இன்ஜின் கட்டி முடிந்த பிறகு வட்டமாக இருக்கும்.

ஆர்பிஎம் என்ன என்று முதலில் கேட்டேனே, அதன் காரணம் இப்போது வருகிறது. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் இன்ஜின் 7000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, அந்த 350 கிராமை மேலே நிறுத்தித் திருப்பிக் கீழே இழுக்க, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சுமார் ஒரு டன் விசை கொடுக்க வேண்டும். எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்சாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும்போது மேலே வாயு அழுத்தமும் இல்லை, முழு இழுப்பும் ராட் போல்ட்டில்தான் விழும். இந்த விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6500இலிருந்து 8000க்குப் போனால் பாதிக்குப் பாதி கூடிவிடும். அதனால் பழைய ராட்டை வைத்துக்கொண்டாலும் பழைய ராட் போல்ட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய போல்ட்டை இறுக்கும்போது எவ்வளவு நீண்டது என்பதை மைக்ரோமீட்டரில் பார்ப்பது முறுக்கு அளவை நம்புவதைவிடப் பாதுகாப்பு.

ரிங் இடைவெளி சின்ன விஷயம்தான், ஆனால் அதில் கைவைத்தே ஆக வேண்டும். 86 மில்லிமீட்டர் போரில் சாதாரண இன்ஜினுக்கு மேல் ரிங் முனைகளுக்கு நடுவே 0.35 மில்லிமீட்டர் போதும். டர்போவுக்கு அரை மில்லிமீட்டர் வரை விடுவார்கள். குறைவாக விட்டால், சூட்டில் ரிங் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, பிஸ்டனின் மேல் பள்ளத்தையே பெயர்த்துவிடும்.

கேம் ஷாஃப்ட் தேர்வு தனி உரைக்கான சமாச்சாரம். ஆனால் பெரிய கேம் போட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று பார்த்தே ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் கிளேயை ஒட்டி, வால்வு முகத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஹெட்டைக் கழற்றினால் கிளேயில் வால்வின் அச்சு பதிந்திருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. எக்சாஸ்டுக்கு ஏன் கூடுதல் என்றால், அந்த வால்வு மூடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்து வால்வு தாமதித்தால் இடி விழும்.

ஹெட்டையும் பிளாக்கையும் மட்டம் தட்டும்போது கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதத்தை மறக்காதீர்கள். 500 சிசி சிலிண்டரில் விகிதம் 10 என்றால், எரியும் அறையின் கொள்ளளவு 55 சிசி சொச்சம். அதில் 5 சிசி குறைந்தாலே 10.9 ஆகிவிடும். ஊற்றும் பெட்ரோலின் ஆக்டேன் அதைத் தாங்காவிட்டால் நாக்கிங்தான்.

கட்டுவதற்கு முன் கழுவுவது ஒன்று பாக்கி. ஹோன் கல்லின் துகள் பெட்ரோலில் போகாது. வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ் மூன்றும் வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சிலிண்டரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி சோப்புதான். ஈரம் போனதும் உடனே ஆயில் பூசாவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். ஓட ஆரம்பித்ததும் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடாதீர்கள். ரிங் சுவரோடு பொருந்த அதற்குப் பாரம் வேண்டும், மிதமாக முடுக்கி விட்டு, முடுக்கி விட்டு ஓட்டுவதே வழி. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். மணல்போல் சில பொடித் துகள் இருப்பது வழக்கம்தான். செதில் செதிலாக மின்னினால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு, கேம் பக்கமும் ரிங் பக்கமும் தேடலாம். ஒட்டாமல் கிடந்தால் பேரிங் என்று சந்தேகப்பட்டு, வண்டியை மேலும் ஓட்டாமல் அன்றே ஆயில் பேனைக் கழற்றுங்கள். வணக்கம்.