தெரிந்த பாட்டுக்கு வரும் கூட்டம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

பாட்டும் ஆட்டமுமாக மேடையில் ஓடிய நாடகத்தைப் படமாக்கினால் வசூல் வருமா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போகும் கணக்குகள் பெரும்பாலும் ஹொலிவூட் கணக்குகள். ஆனால் அவற்றை எனக்கு விளங்கவைத்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கூத்துக்களரி, அதாவது கூத்தாடும் களம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் சிறுவயதில் எங்கள் ஊரில், மட்டக்களப்புக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஒன்றைப் பழகினார்கள். ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்கில் ஒவ்வோர் இரவும் மத்தளம் கேட்கும். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார், ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டைச் சொல்லச் சொல்ல ஆடுபவர்கள் மட்டுமா பழகினார்கள்? ஊரே பழகியது. என் பெரியம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே கர்ணனின் வரவுப் பாட்டைப் பாடுவார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் பிற்பாட்டு எடுக்கும். அரங்கேற்றத்துக்கு முன்பே அந்தக் கூத்து ஊருக்கு மனப்பாடம். அப்படியிருந்தும், அரங்கேற்ற நாளில் பொழுது படுமுன்பே பாயைக் கொண்டுபோய்க் களரியோரத்தில் விரித்துவிட்டு வந்தவர் அதே பெரியம்மாதான்.

பாட்டு மனப்பாடமானதால்தான் அவர் போனார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே புரிந்தது. படத்துறைக்காரர்கள் பலருக்கு இது இன்றும் புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

1964ஆம் ஆண்டு நியூயோர்க் பிரோட்வே மேடைக்கு வந்து பெருவெற்றி பெற்றது ‘ஹலோ டொலி’. அதன் படப்பிடிப்பு 1968இல் நடந்தது. ஆனால் மேடை நாடகம் ஓடி முடியும்வரை படத்தை வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். படம் வந்தால் மேடைக்கு ஆள் வராது என்ற பயம். கடைசியில் ஸ்டூடியோ தனியாகப் பணம் கட்டித்தான் 1969 டிசம்பரில் படத்தை வெளியிட முடிந்தது. ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் செலவான அந்தப் படம் நட்டத்தில் முடிந்தது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதைப் பின்னால் வந்தவை காட்டின. ‘சிக்காகோ’ 1996இலிருந்து பிரோட்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2002இல் அதன் படம் வந்தது. 45 மில்லியன் செலவுக்கு 300 மில்லியனுக்கு மேல் வசூல், சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது. மேடை நாடகமும் நிற்கவில்லை. 2024 நவம்பரில் வந்த ‘விக்கெட்’ படம் உலகெங்கும் 750 மில்லியன் டொலரைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் அதன் மேடை நாடகம் ஒரே வாரத்தில் 5 மில்லியன் டொலர் வசூலித்தது. பிரோட்வேயில் அதுவரை எந்த நாடகமும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. படத்தில் பாட்டைக் கேட்டவர்கள் மேடைக்கும் போயிருக்கிறார்கள்.

இத்தகைய படங்களின் வசூல் இரண்டாம் தடவை வருபவரின் கையில் இருக்கிறது. 1965இல் வந்த ‘சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்துக்கு ஆன செலவு 8.2 மில்லியன் டொலர். அடுத்த ஆண்டே அது, கால் நூற்றாண்டுக்கு மேலாக முதலிடத்தில் இருந்த ‘கோன் வித் த விண்ட்’ படத்தின் வசூலை முந்தியது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் அந்த நகரத்தின் மக்கள்தொகையைவிட அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. கார்டிஃப் நகரத்துப் பெண் ஒருவர் நூற்றுக்கணக்கான தடவை அந்தப் படத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என் பெரியம்மாவும் சந்தித்திருந்தால் பேச மொழி தேவைப்பட்டிருக்காது.

வானொலியில் பேசுவதால் ஒன்றை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். ‘கிரீஸ்’ படம் 1978 ஜூனில் வந்தது. படத்துக்காகவே புதிதாக எழுதிய ஒரு பாட்டை மார்ச் மாதமே இசைத்தட்டாக வெளியிட்டுவிட்டார்கள். மேடையில் இல்லாத அந்தப் பாட்டு, படம் வரும்போது அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியிருந்தது. வானொலிக்கு முன்னால் அமர்ந்து மூன்று மாதம் பாடிப் பழகிய கூட்டம்தான் தியேட்டருக்கு வந்தது. 6 மில்லியன் டொலரில் எடுத்த படம் 400 மில்லியனை நெருங்கியது. எங்கள் ஊரில் மத்தளம் செய்த வேலையை அங்கே வானொலி செய்தது.

இவ்வளவு தெரிந்தும், அண்மைக் காலத்தில் மேடை இசைநாடகங்களிலிருந்து எடுத்த சில படங்களின் முன்னோட்டங்களில் பாட்டையே மறைத்தார்கள். 2023இல் வந்த ‘கலர் பேர்ப்பிள்’ அவற்றில் ஒன்று. பாட்டுப் படம் என்று தெரிந்தால் சனம் வராது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தைச் சாக்கில் கட்டி மறைத்துக்கொண்டு களரிக்கு வருவாரா? அந்தப் படம் செலவைக்கூட மீட்கவில்லை.

எல்லாம் பாட்டினால் மட்டும் நடப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் பாட்டுகளை அறியாதவர் அமெரிக்காவில் குறைவு. 2021இல் அதை ஏறத்தாழ 100 மில்லியனுக்கு மீண்டும் எடுத்தார்கள். வசூல் 76 மில்லியன். தியேட்டர்காரர் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்வார் என்பதால் நட்டம் இன்னும் பெரிது. அது கொரோனா காலம். அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. படம் நல்ல படம். அதற்கு இப்படி நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம்.

‘கேட்ஸ்’ தோற்ற கதை வேறு. இலண்டனில் 1981இலிருந்து 21 ஆண்டுகள் ஓடிய நாடகம். 2019இல் வந்த படம் செலவைவிடக் குறைவாக, 75 மில்லியன் அளவில் நின்றுவிட்டது. மேடையில் தூரத்திலிருந்து பூனையாகத் தெரிந்த மனிதரை, கணினியால் மயிர் முளைக்கவைத்து முகத்துக்கு முகம் காட்டினார்கள். நம் கூத்தரசனின் கரப்புடுப்பு என்ற விரிந்த ஆடையும் முடியும் களரி வெளிச்சத்தில், பாயிலிருந்து பார்க்கும்போதுதான் மின்னும். கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டும் மட்டையும். மேடை எந்தத் தூரத்தை நம்பி நிற்கிறதோ அதைக் கமரா அழித்துவிடும். அழித்த இடத்தில் வேறென்ன வைப்பது என்று இயக்குநர் யோசிக்க வேண்டும்.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1947இல் வந்த முதல் சிங்களப் படமான ‘கடவுனு பொரொந்துவ’ ஒரு மேடை நாடகத்திலிருந்து எடுத்ததுதான். அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். 1934இல் தமிழ்நாட்டில் ‘பவளக்கொடி’யும் மேடையில் வென்ற பிறகே தியாகராஜ பாகவதரோடு திரைக்குப் போனது. நம் மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனபோது, விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். எதை விடுவது, எதை வைப்பது என்ற அதே கேள்வி அவருக்கும் இருந்தது. ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ இரண்டிலும் ஆட்டமும் மத்தளமும் தாளக்கட்டும் மிஞ்சின.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்று குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் பலர் இருக்கிறார்கள். உங்களில் யாராவது ஒரு கூத்தைப் படமாக்க விரும்பினால், முதலில் பாட்டுகளை மட்டும் பதிவுசெய்து ஊர்களுக்குக் கொடுங்கள். கோயில் ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும், பிள்ளைகள் பாடித் திரியட்டும். மூன்று மாதம் பொறுத்துப் படத்தைக் காட்டுங்கள். பெரியம்மா பாடிய அந்தக் கூத்தின் கொப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சில பக்கங்களைப் பூச்சி அரித்துவிட்டது. அந்த இடங்கள் எனக்குப் பாடமாக இருக்கின்றன. வந்து கேட்டால் பாடிக் காட்டுகிறேன்.

வணக்கம்.