கேம்பஸ் போலீஸ்: வாட்ச்மேன் என்று நினைத்துவிடாதீர்கள்

(திரையில்: ஹாஸ்டல் வாசல், இரவு)

1978 ஜனவரி. அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஒரு மாணவர் கையில் ஜின் பாட்டிலோடு ஹாஸ்டலை விட்டு வெளியே வருகிறார். பார்த்தால், மது வைத்திருக்கத் தேவையான 21 வயது ஆனவர் போலத் தெரியவில்லை. கேம்பஸ் போலீஸ்காரர் மறித்து அடையாள அட்டை கேட்கிறார். அட்டை ரூமில் இருக்கிறதாம். சரி, இவரும் கூடவே போனார்.

போனவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே ரூம்மேட்டுக்கு முகமே சரியில்லை. மேசைமேல் கொஞ்சம் விதை, ஒரு சின்ன பைப். கஞ்சா! அப்புறம்தான் உள்ளே நுழைந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் போலீஸ்காரர் பக்கமே தீர்ப்பானது. பிடித்த ஆளை விட்டு அவர் நகரத் தேவையில்லை, கூடவே போகலாம் என்றார்கள் நீதிபதிகள்.

அதற்காக எந்த ரூமுக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ஹாஸ்டல் ரூமும் வீடு மாதிரிதான்: பொதுவாக வாரண்ட் வேண்டும், அல்லது உள்ளே இருப்பவரின் சம்மதம் வேண்டும். சேரும்போது ஹாஸ்டல் விதிகளில் போட்ட கையெழுத்து, போலீசுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. அலபாமா மாநில மாணவர்களின் ஒரு வழக்கில் 1971லேயே இப்படித் தீர்ப்பு வந்துவிட்டது.

(திரையில்: கலிஃபோர்னியா வரைபடம்)

அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக போலீசுக்கு வளாகமும் அதைச் சுற்றி ஒரு மைலும்தான் முதல் வேலை. ஆனால் சட்டப்படி முழு போலீஸ். கைது செய்யலாம், இடுப்பில் துப்பாக்கியும் உண்டு.

ஊர் போலீசுக்கு இல்லாத ஒரு கடமையும் வளாகத்துக்கு உண்டு. 1986இல் லீஹை பல்கலைக்கழக மாணவி ஜீன் கிளெரி, ஹாஸ்டல் ரூமிலேயே கொல்லப்பட்டார். வளாகத்தில் என்னென்ன குற்றங்கள் நடக்கின்றன என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது என்று பெற்றோர் போராடினார்கள். 1990இல் சட்டம் வந்தது. மத்திய அரசின் மாணவர் உதவித்தொகையை வாங்கும் கல்லூரிகளுக்கெல்லாம் அது பொருந்தும்: ஆபத்து தொடரும் என்று தெரிந்தால் உடனே எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

(திரையில்: கவுன்டர், ஒரு பதிவேடு)

இன்னொன்று, தினசரிக் குற்றப் பதிவேடு. பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதே இல்லை. புகார் வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் என்ன குற்றம், எப்போது, எங்கே என்று ஏற்ற வேண்டும். கடைசி 60 நாள் பக்கங்களை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்பவர் மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை.