சட்டை பழசு என்கிறார்கள், பாட்டைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

தாமதமாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘கிறிஸ்டினா அகிலேராவின் பேக் டு பேசிக்ஸ் ஆல்பம் பழைய ஜாஸ், சோல், ப்ளூஸ் மரபை வளர்த்ததா, அதற்கு வேஷம் கட்டியதா?’ வளர்த்தது என்று பேசுவது எங்கள் அணி. அமெரிக்கப் பாடகி கிறிஸ்டினா பாடி, ஆர்.சி.ஏ. என்ற இசை நிறுவனம் 2006 ஆகஸ்டில் வெளியிட்ட இரட்டைத் தட்டு அது. 22 உருப்படிகள். அமெரிக்காவில் முதல் வாரமே சுமார் 3,46,000 பிரதிகள் விற்று பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விற்றதனால் நல்ல இசை என்று வாதாட மாட்டேன், எதிரணி பயப்பட வேண்டாம்.

எதிரணித் தலைவி மூன்று குற்றம் சாட்டினார். முதல் தட்டு அடுத்தவர் ரெக்கார்டை வெட்டி ஒட்டியது. இரண்டாம் தட்டு சிவப்பு உதட்டுச்சாயமும் பிளாட்டின நிற முடியும்தான். அதே ஆண்டு வந்த ஆங்கிலேயப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பம்தான் அசல் சரக்கு. அம்மா அடுக்கிய அழகுக்குக் கைதட்டு விழுந்தது. நியாயம்தான். ஆனால் மூன்றிலும் அவர் பார்த்தது மேல்தோல். உள்ளே என்ன வேலை நடந்திருக்கிறது என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

வெட்டி ஒட்டுவதையே முதலில் எடுப்போம். ‘எய்ன்ட் நோ அதர் மேன்’ பாட்டின் தயாரிப்பாளர் டிஜே பிரீமியர். கேங் ஸ்டார் குழுவில் ஜாஸ் துண்டுகளை ஹிப்-ஹாப்புக்குள் கொண்டுவந்து பேர் வாங்கியவர். இந்தப் பாட்டுக்குள் இருப்பவை மூன் பீப்பிள் குழுவின் ஒரு பாட்டும், சோல் செவன் குழுவின் ‘தி சிஸ்ஸீஸ் தாங்’ என்ற பாட்டும். பெரிய ஹிட் பாட்டைத் திருடி மினுக்க நினைப்பவர் இந்தக் குழுக்களைத் தேடிப் போவாரா? அந்தக் காலத்து ரேடியோவே மறந்துபோன தட்டுகள் இவை.

தேடி எடுத்தபின் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். பிரீமியர் பல காலம் கையாண்ட கருவிகள் அக்காயின் எம்பிசி 60, எஸ் 950 போன்ற சாம்ப்ளர்கள், அதாவது ரெக்கார்டின் துண்டைப் பிடித்துவைத்து மறுபடி வாசிக்கும் பெட்டிகள். இந்தப் பழைய முறையில் சுருதியை நகர்த்தினால் வேகமும் சேர்ந்தே நகரும். நம் ஊர்க் கணக்கில் அரைக் கட்டை ஏற்றினால் வேகமும் சுமார் 6 சதவீதம் ஏறும். நிமிடத்துக்கு 100 தட்டில் ஓடும் டிரம்பெட் துண்டை ஒரு கட்டை ஏற்றினால் அது 112 தட்டுக்கு ஓடிவிடும். பாடகிக்கு ஏற்ற சுருதியும் பாட்டுக்கு ஏற்ற வேகமும் ஒரே இடத்தில் சந்திக்கிற துண்டு கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், துண்டை ஒவ்வொரு அடியாக நறுக்கி, பட்டனுக்கு ஒன்றாக வைத்து, விரலால் மறுபடி வாசிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். அந்தக் காலத்து டிரம்மர் காதில் தட்டை எண்ணும் மெட்ரோனோம் மாட்டிக்கொண்டு வாசிக்கவில்லை. கோரஸ் வந்தால் கொஞ்சம் முந்துவார், வரி முடிந்தால் தளர்வார். இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி அப்படியே லூப் போட்டால், நாலாவது சுற்றில் புது டிரம்மும் பழைய டிரம்மும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். டேப் ஓடிய வேகம் ஒரு பிசிறு மாறினாலும் பழைய ரெக்கார்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும். அதன்மேல் சரியான சுருதியில் பேஸ் கிதார் வாசித்தால் ‘தப்பாக வாசிக்கிறான்’ என்றே காதில் விழும். பழசின் சுருதிக்குப் புது வாத்தியங்களையும் குரலையும் இறக்கியாக வேண்டும். வெட்டும் இடம் சத்தமில்லாப் புள்ளியில் விழாவிட்டால் ‘டிக்’ என்று உதைக்கும். வாலைக் குட்டையாக வெட்டினால் பழைய அறையின் எதிரொலி போய், பொம்மைக் கொம்பு ஊதியது போலாகும். இத்தனையும் முடிந்தபின் இரண்டு அனுமதி வேறு: பதிவின் சொந்தக்காரரிடம் ஒன்று, பாட்டெழுதியவர் தரப்பில் ஒன்று.

‘அடுத்தவர் சொத்து’ என்று சொன்ன எதிரணி, ‘மேக்ஸ் மீ வான்னா ப்ரே’ பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிராஃபிக் குழு 1970-இல் வெளியிட்ட ‘கிளாட்’ அதில் சாம்பிளாக வருகிறது. அந்தக் குழுவின் ஸ்டீவ் வின்வுட் இந்தப் புதுப் பாட்டுக்கு அவரே வந்து பியானோ வாசித்திருக்கிறார். சொத்துக்காரரே வந்து பந்தியில் பரிமாறுகிறார். இவர்கள் வாசலில் நின்று திருட்டுச் சாப்பாடு என்கிறார்கள்!

இரண்டாம் தட்டுக்கு வருகிறேன். தயாரிப்பாளர் லிண்டா பெரி. இங்கே முதன்மை வெட்டுத் துண்டுகளுக்கு இல்லை, வாசிக்கும் வாத்தியங்களுக்கு. ‘கேண்டிமேன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடிய ‘பூகி வூகி பியூகிள் பாய்’ அதன் பாட்டி என்பது யாருக்கும் ரகசியமில்லை. அந்தச் சகோதரிகளில் பேட்டி ஆண்ட்ரூஸ் நடுக்குரலில் பிரதான மெட்டைப் பிடிப்பார், மாக்சின் மேலே, லாவெர்ன் கீழே. மூன்று குரலும் ஒரே ஸ்தாயிக்குள் நெருக்கியடித்து நகரும். மூன்று பேரும் ஒரே வீட்டில் வளர்ந்ததால் உச்சரிப்பு ஒன்று, மூச்சு விடும் இடமும் ஒன்று.

இதைக் கிறிஸ்டினா ஒருத்தியாக மூன்று முறை பாடி அடுக்கியிருக்கிறார். மூன்று தரம் பாடினால் போதுமே, என்ன பெரிய வேலை என்பீர்கள். ஒரே தொண்டையை மூன்று முறை அடுக்கினால் அது மூன்று பெண்களாகக் கேட்காது. தண்ணீருக்குள்ளிருந்து பாடும் ஒரு பெண்ணாகக் கேட்கும். அதனால் இந்த வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு ட்ராக்கிலும் மைக்கின் தூரத்தை மாற்றுவார்கள், வாயின் வடிவத்தை மாற்றுவார்கள், குரலின் கனத்தையே மாற்றுவார்கள். வரியின் கடைசியில் வரும் ‘ஸ்’, ‘ட்’ ஒலிகளை ஒரு ட்ராக்கில் மட்டும் முழுசாகச் சொல்லி, மற்ற இரண்டிலும் விழுங்குவார்கள். இல்லாவிட்டால் மூன்று ‘ஸ்’ மூன்று நேரத்தில் வந்து சீறும். அதைவிடக் கடினம் அசைவு. கிறிஸ்டினா எப்படிப்பட்ட பாடகி? ஒரு எழுத்துக்கு ஒன்பது ஸ்வரம் இழைப்பவர். நெருக்கமான ஹார்மனியில் அந்தப் பழக்கம் விஷம். மூன்று குரலும் நீட்டை நேராகப் பிடித்து, ஒரே கணத்தில் விட வேண்டும். தன் சொந்த முத்திரையை அடக்கி, ஆண்ட்ரூஸ் சகோதரிகளின் ஒழுக்கத்துக்குள் அந்தக் குரல் நிற்கிறது. வேஷம் கட்டுகிறவர் செய்கிற காரியமா இது?

தாளமும் அப்படியே. நிமிடத்துக்குச் சுமார் 170 தட்டு வேகம். ஸ்விங் என்பது நமக்குப் புரியாத சமாச்சாரம் இல்லை: ஒரு தட்டைத் திஸ்ரமாக மூன்றாகப் பிரித்து, முதல் ஸ்வரத்துக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. வேகம் கூடக் கூட இந்த இரண்டுக்கு ஒன்று சமமாகச் சாயத் தொடங்கும். எவ்வளவு சாய விடுவது என்பதில்தான் வித்தை. கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் அதே அளவில் நிறுத்தினால் நடை நொண்டும்.

‘ஐ காட் டிரபிள்’ பாட்டைப் பற்றி ‘ஃபில்டர் போட்டு ஏமாற்றினார்கள்’ என்றார் எதிரணியில் இளையவர். தம்பி, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் போட்டது உண்மை. கொம்புக் குழாய் வழியாகப் பதிவு செய்த காலத்தில், அதாவது 1925-இல் மின்சார மைக் வருவதற்கு முன், ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2,500-க்கு மேலேயும் பெரிதாக ஒன்றும் தட்டில் ஏறாது. அந்த ஒடுக்கமான ஒலியைத்தான் இந்தப் பாட்டு தேடுகிறது. ஆனால் ஃபில்டருக்குப் பாடத் தெரியாது. சன்னமாகப் பாடினால் குழாயில் விழாது என்பதால் அந்தக் காலத்து ப்ளூஸ் பாடகிகள் நெஞ்சிலிருந்து வீசிப் பாடினார்கள். காந்தாரத்தைக் கொஞ்சம் அழுத்தி, முழுசாகவும் இல்லாமல் அரையாகவும் இல்லாமல் நிறுத்தினார்கள். அந்த உறுமலும் அழுத்தமும் இந்தப் பாட்டில் குரலில் இருக்கிறது. ஊசி உரசும் ‘கரகர’ சற்று அதிகம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள இன்னும் உண்டு. 22 உருப்படி நீளம். ரசிகர்களின் தொலைபேசிச் செய்திகளை வைத்துக் கட்டிய நன்றிப் பாட்டு இல்லாவிட்டால் முதல் தட்டு கெட்டுப் போயிருக்காது. இரண்டாம் தட்டின் சர்க்கஸ் முன்னுரையும் அப்படியே.

அடுத்து ‘பேக் டு பிளாக்’. அருமையான ஆல்பம், 11 பாட்டு, ஒன்றுகூட வீண் இல்லை. மார்க் ரான்சன் தயாரித்த பாட்டுகளுக்கு நியூயார்க்கின் புரூக்ளினில் டாப்டோன் ஸ்டுடியோவில் டாப்-கிங்ஸ் குழு வாசித்தது. ஒரு மைக்கில் இன்னொரு வாத்தியம் கசிந்தால் கசியட்டும் என்று விட்டார்கள். அந்தக் கசிவுதான் பழைய சோல் ஒலியின் பாதி. அம்மா இதைத்தான் அசல் என்கிறார். அந்த அசலில் பாடகியும் குழுவும் ஒரே அறையில் சேர்ந்து பாடிப் பதிந்தார்களா? இல்லை. குரல் ஒரு இடம், குழு ஒரு இடம். அதே ஆல்பத்தில் சலாம் ரெமி தயாரித்த ‘டியர்ஸ் டிரை ஆன் தெயர் ஓன்’ எதன்மேல் நிற்கிறது? மார்வின் கேயும் டாமி டெரலும் 1967-இல் பாடிய ‘எய்ன்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்’ பாட்டின் மேல். ஏமி கடன் வாங்கினால் மரபு, கிறிஸ்டினா கடன் வாங்கினால் வேஷமா? இன்னொன்றும் கேளுங்கள். ‘பேக் டு பேசிக்ஸ்’ ஆல்பத்தின் ‘ஹர்ட்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர் இதே மார்க் ரான்சன்!

கறுப்பின மக்களின் இசையை வெளியிலிருந்து வந்தவர் எடுத்துக்கொண்டார் என்பதும் ஒரு வாதமாக வந்தது. கனமான வாதம், சிரித்துத் தள்ள மாட்டேன். பூகி வூகி என்ற பாணி கறுப்பினப் பியானோக்காரர்களின் சொத்து. மினியாபொலிஸ் நகரத்து வெள்ளைக்காரச் சகோதரிகள் 1941-இல் அதைப் பாடியபோதே இந்தக் கேள்வி இருந்தது. கேட்க வேண்டியது, வாங்கியவர் யாரிடம் வாங்கினேன் என்று சொன்னாரா என்பதுதான். ‘பேக் டு பேசிக்ஸ்’ ஆல்பத்தின் ‘பேக் இன் தி டே’ பாட்டில் கிறிஸ்டினா மார்வின் கே, எட்டா ஜேம்ஸ், கோல்ட்ரேன் என்று முன்னோரின் பெயர் சொல்லிப் பாடுகிறார். எட்டா ஜேம்ஸ் மறைந்தபோது, 2012 ஜனவரியில், அவருடைய இறுதிச் சடங்கில் ‘அட் லாஸ்ட்’ பாடியதும் இதே கிறிஸ்டினா.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணித் தோழருக்கு ஒரே ஒரு கேள்வி. ‘கேண்டிமேன்’ பாட்டின் மூன்று குரலில் கீழ்க்குரலை மட்டும் தனியாகக் கேட்டு, அதில் எந்த இடம் வேஷம் என்று இந்த மேடையில் பாடிக் காட்டட்டும். நன்றி, வணக்கம்.