குருகும் உண்டு: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். தொடக்கக் கல்லூரியில் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “குறுந்தொகை 25இல் தலைவி அழுவதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் நோட்ஸில் ‘ஏமாற்றம்’ என்று போட்டிருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதைக்கும் அதே சொல்தான். இல்லாத உணர்ச்சியை எங்கிருந்து எடுக்கிறார்கள்?”

கேள்வியிலேயே கொஞ்சம் எரிச்சல் தெரிகிறது. இருக்கட்டும், எனக்கும் அது உண்டு. உங்கள் வயதில் இதே பாட்டுக்கு, ‘தலைவி மிகுந்த சோகத்தில் இருக்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஓரத்தில், ‘எந்தச் சொல்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் பதில் இல்லை.

சரி, பாட்டைப் பார்த்துவிடுவோம். கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்றைக்கு அங்கே யாருமே இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அப்புறம், தினைத்தாள் மாதிரி சின்னப் பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும், அதாவது நாரையும், இருந்தது.

‘பொய்ப்பின்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். பொய்த்துவிட்டான் என்று அவள் சொல்லவில்லை, பொய்த்தால் என்கிறாள். இன்னும் ஏமாறவில்லை, ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள். ‘கள்வன்’ என்பதும் திட்டாக இருக்கலாம், செல்லமாகவும் இருக்கலாம், வீட்டில் குழந்தையைத் ‘திருட்டுப் பயலே’ என்று கொஞ்சுகிறோமே, அதுபோல. எது என்று அவளுக்கே முடிவாகவில்லை போலிருக்கிறது.

இனி அந்தக் குருகு. சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், காலாங் ஆற்றோரம் காலையில் நடக்கிறவர்களுக்குத் தெரியும், நாரை நின்றால் நின்றதுதான். பக்கத்தில் சைக்கிள் போகும், பிள்ளைகள் கத்துவார்கள். கழுத்து அசையாது, கண் முழுக்கத் தண்ணீரில் இருக்கும். அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா? தலைவிக்கு இருப்பது அந்த ஒரே சாட்சி, அதுவும் இவர்கள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ‘இல்லை’ என்று தொடங்கியவள், கடைசி அடியில் யோசித்து யோசித்து ‘உண்டு’ என்கிறாள். ‘குருகும்’ என்ற அந்த உம்மையில்தான் அவள் பரிதாபம் முழுக்க இருக்கிறது. மீனுக்குக் காத்திருந்த குருகு போலத்தான் தலைவனும் என்று உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருள், சொல்வாருண்டு. சொல்லலாம். எனக்கென்னவோ அந்தக் காலின் நிறம்தான் பெரிதாகப் படுகிறது. அன்று கண்ணில் பட்ட ஒரு பறவையின் கால் இன்றுவரை மறக்கவில்லை என்றால், அந்த நாளை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள்!

பொன்னகரம் வேறு ரகம். 1934இல் வந்தது, சில பக்கங்கள்தான். அம்மாளு மில் கூலி. ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டும் புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சிக்கு ஆசைப்படுகிறான். கையில் காசில்லை. ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள், முக்கால் ரூபாய் கிடைக்கிறது. அழுதாளா, கூசினாளா? ஒரு வரிகூட இல்லை. கொதிப்பெல்லாம் கதைசொல்லியிடம்: “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!” அந்த ‘ஐயா’ யார்? சாய்ந்து உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருக்கும் நானும் நீங்களும்தான். அம்மாளு அந்த ஊரைப் பொன்னகரம் என்று எப்போது நம்பினாள், இப்போது ஏமாறுவதற்கு?

அதனால் விடைத்தாளில் குறுந்தொகைக்கு ‘அச்சம்’ என்று எழுதி, ‘பொய்ப்பின்’ என்ற சொல்லைக் காட்டுங்கள். பொன்னகரத்துக்கு ‘ஏமாற்றம்’ என்று, கதைசொல்லியின் பெயரில், தாராளமாக எழுதலாம். அம்மாளுவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.